ராவுத்தர் வீட்டுக் கார் ஷெட்டும் எங்கள் கைவண்ணமும்

கார் ஷெட்டுக்குத் தரை போட்டு விளக்கு மாட்டுகிற தொழிலில் ஒரு நிம்மதி உண்டு, காருக்கு வாய் கிடையாது. ஒரு தொல்லையும் உண்டு, கார் வைத்திருக்கிறவர்களுக்கு அதையும் சேர்த்து இரண்டு வாய் இருக்கும்.

வீட்டில் ஓர் ஆணி அடிக்க ஆளைக் கூப்பிட்டுவிட்டு, அவன் பாதிச் சுவரைப் பெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து வயிறெரிந்த அனுபவம் உங்கள் எல்லாருக்கும் இருக்கும். உங்கள் வேதனை எனக்குத் தெரியும். அந்த ஆள் நான்தான், இல்லாவிட்டால் என்னைப் போல ஒருவன். ஆனால் ஆணி அடிக்கப் போனவன் பட்ட பாட்டை யாராவது எழுதியிருக்கிறார்களா? அறுபதுகளின் தொடக்கத்தில் நான் திண்டுக்கல்லில் ஒயர்மேன். என் கூட்டாளி சவரிமுத்துக் கொத்தனார். தரை அவருக்கு, கூரை எனக்கு, நடுவில் இருக்கிற சுவருக்கு இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்வோம். கீழே சொல்வதெல்லாம் சத்தியம். சில இடங்களில் கொஞ்சம் கூடுதலாகவே சத்தியம்.

ஆடுகளுக்கு ஒரு மொட்டை மாடி

பேகம்பூர்ப் பக்கம் தோல் மண்டி வைத்திருந்த ஒரு ராவுத்தர் ஆசைப்பட்டு ஒரு கறுப்புக் கார் வாங்கினார். வீட்டை ஒட்டி, ஒரு காலத்தில் தோல் கட்டுகள் அடுக்கிய ஒரு கொட்டகை இருந்தது. மண் தரை, ஓட்டுக் கூரை, பட்டப்பகலிலும் இருட்டு. முதல் மழையில் கார் அதற்குள் அச்சு வரை புதைந்து, பத்துப் பேர் சேர்ந்து தூக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து கார் தெருவில் நின்றது. தெரு ஆடுகள் அதன் மேல் ஏறி நின்று மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ராவுத்தர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆடும் தோலும் அவருக்குப் பழகின உறவு.

கவலை வேறு வழியில் வந்தது. அவர் மகளுக்குச் சேவுகம்பட்டித் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வீட்டில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையைப் பெற்ற அத்தா ஒருநாள் அந்தத் தெரு வழியே போனவர், காரையும் அதன் மேல் நின்ற ஆட்டையும் பார்த்துவிட்டு, காரையே இப்படித் தெருவில் விட்டிருக்கிறவர்கள் பெண்ணை எப்படி வைத்து வளர்த்தார்களோ என்று யாரிடமோ சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு ஊரெல்லாம் சுற்றி, நாலு இடத்தில் உப்பும் காரமும் சேர்ந்து, ராவுத்தர் காதுக்கு வந்தது. பெருநாள் கழிந்த மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர்கள் பெண்ணைப் பார்த்து முடிவு சொல்ல வருவதாக இருந்தது. ராவுத்தர் எங்களைக் கூப்பிட்டு, தரையில் முகம் தெரிய வேண்டும், அண்ணாந்து பார்த்தால் கண் கூச வேண்டும், செலவைப் பற்றிப் பேசவே கூடாது என்றார். பேசவேண்டாம் என்று சொன்ன வாடிக்கையாளர் என் ஆயுளில் அவர் ஒருவர்தான். கடைசியில் எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ஏலே அப்பு, அந்த வெள்ளிக்கிழமை என் காரு உள்ள நிக்கணும். இல்லாட்டி எம்மக வீட்டுலயே நின்னுபோவா.”

சிமெண்டு தின்ற மாடு

அப்போதெல்லாம் சிமெண்டுக்குப் பர்மிட் வேண்டும். எதற்காக என்று மனுவில் காரணம் எழுத வேண்டும். கார் ஷெட் என்று எழுதினால் அந்தப் பெண்ணுக்குப் பேரன் பிறந்த பிறகுதான் சிமெண்டு வரும் என்று எனக்கே தோன்றியதால், யாரையும் கேட்காமல் ‘மாட்டுத் தொழுவம்’ என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நாலாம் நாள், தொழுவத்தைப் பார்வையிட ஓர் அதிகாரி வருகிறார் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். ராவுத்தர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி எரிந்துபோனேன். மீதி எரிவதற்குள் டிரைவர் மூக்கையா ஓடிப்போய், பால்காரர் வீட்டிலிருந்து ஒரு கறவை மாட்டைக் கயிறும் கையுமாக இழுத்து வந்து கொட்டகைக்குள் கட்டினான்.

அதிகாரி வயசானவர். குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மாட்டைப் பார்த்தார். மாடு நின்ற இடத்தில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த ஸ்டெப்னி டயரைப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் மாடு எத்தனை லிட்டர் கறக்கும் என்று மூன்று கணக்குச் சொன்னோம். எல்லாவற்றையும் அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சர்பத்தைக் குடித்து முடித்து, கேட்டதில் பாதி மூட்டைக்குக் கையெழுத்துப் போட்டார். குடையை விரித்துக்கொண்டு வாசற்படி இறங்கும்போதுதான் திரும்பிச் சொன்னார்: “மாடு லட்சணமாத்தான் இருக்கு. ரேடியேட்டருக்கு ஊத்துற டின்னுல அதுக்கு ஏன்ய்யா தண்ணி காட்டுறீக?”

ஏழு நாள் குளம்

பாதிச் சிமெண்டை வைத்துக்கொண்டு சவரிமுத்து முழுத் தரை போட்டார். அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினார். மேலே சிவப்புக் காவி கலந்த சிமெண்டைப் பூசி, இரண்டு நாள் முட்டி போட்டுக்கொண்டு தேய்த்தார். காருக்குச் சொரசொரப்பான தரை போதும் என்று தெரியாதவர் இல்லை. ஆனால் முகம் தெரிய வேண்டும் என்று ராவுத்தர் சொன்ன அந்த ஒரு வார்த்தை கொத்தனாரின் மூளையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தேய்த்து முடித்ததும் சுற்றிலும் களிமண் வரப்புக் கட்டி, தண்ணீரைத் தேக்கி, ஏழு நாள் யாரும் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

இரண்டாம் நாள் தவளை வந்தது. மூன்றாம் நாள் அந்தத் தவளையை விசாரித்துக்கொண்டு ஒரு கொக்கு வந்து ஒற்றைக் காலில் நின்றது. ஐந்தாம் நாள் தூண்டிலோடு ஒருத்தர் வந்ததாக மூக்கையா சொன்னான், நான் பார்க்கவில்லை. ராவுத்தர் மட்டும் விடிந்ததும் வந்து வரப்போரம் நின்று, வெள்ளிக்கிழமைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று விரலை மடக்கிக்கொண்டிருப்பார். தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சியும் பார்த்தார். சவரிமுத்து ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். அன்றைக்கு அதிகச் செலவு செய்தார்: “கொக்கு நிக்கிது, காரு நிக்காதா? செத்த பொறுங்க மொதலாளி.”

ஷிப்டு மாறிய சாயங்காலம்

தண்ணீரை வடித்த பிறகு என் முறை. அந்தக் கொட்டகையில் அதுவரை ஒரு குண்டு பல்பு இருந்தது. அது எரிகிறதா என்று பார்க்கத் தீக்குச்சி கிழிக்க வேண்டும். நான் ஓட்டின் அடிப்பக்கத்துக்கு வெள்ளையடிக்கச் சொல்லி, தேக்கு ரீப்பர் அடித்து, அதன் மேல் நூல் பிடித்தாற்போல் ஒயர் ஓட்டி, மதுரையிலிருந்து இரண்டு டியூப் லைட் வரவழைத்து எதிரும் புதிருமாக மாட்டினேன். ஒன்று போதும் என்று எனக்கும் தெரியும். சவரிமுத்துவின் தரையைப் பார்த்த பிறகு எனக்கும் ரோசம் வந்துவிட்டது. பொழுது சாய்ந்ததும் சுவிட்சைப் போட்டேன். விளக்குகள் இரண்டு தரம் கண் சிமிட்டின. ராவுத்தர் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டு மூன்று அடி பின்னால் போனார். அப்புறம் பளீரென்று எரிந்ததே பார்க்க வேண்டும். கூட்டில் அடைந்த கோழிகள் விடிந்துவிட்டதென்று இறங்கி மேயத் தொடங்கின. அன்றைக்கிருந்து அவை தினம் இரண்டு முட்டை இட்டதாகக் கேள்வி.

அந்த நேரம் வேடசந்தூர் மில் பஸ் தெருமுனையைக் கடந்தது. அதில் தூங்கிக்கொண்டே வந்த ஒருவர் வெளிச்சத்தைக் கண்டதும் மில் வந்துவிட்டதென்று பதறி எழுந்து, சாப்பாட்டுத் தூக்கோடு குதித்து இறங்கி, நேராக எங்கள் கொட்டகை வாசலில் வந்து நின்றார். கூரையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், தறி எங்கே நூல் எங்கே என்று தேடினார். பஸ் போய்விட்டது. நான் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது இதுதான்: “அண்ணே, நான் ஷிப்டு முடிச்சு வாரேனா, ஷிப்டுக்குப் போறேனா?”

கார் உள்ளே வந்த விதம்

நன்றாகக் காய்ந்திருந்த தரையில் புதன்கிழமை சவரிமுத்து தேங்காய் எண்ணெயை ஊற்றி நார் வைத்துக் கடைசித் தேய்ப்புத் தேய்த்தார். ராவுத்தர் குனிந்து அதில் தன் தாடியைப் பார்த்து, சீப்பை எடுத்து ஒதுக்கிக்கொண்டார். கழுவிவிட்ட தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்காகத் தெருப் பக்கம் லேசாகச் சாய்வு வைத்திருந்தோம். இனி கார் வர வேண்டியதுதான் பாக்கி. மூக்கையா காரைத் துடைத்து, ஒரு முழம் மல்லிகையைச் சுற்றி, மெதுவாக உள்ளே விட்டான். ராவுத்தர் உள்சுவரோரம் நின்று இரண்டு கையாலும் வா வா என்று அழைத்தார்.

மூக்கையா பிரேக்கை மிதித்தான். சக்கரம் நின்றது, கார் நிற்கவில்லை. ராவுத்தர் அந்த வயசில் அங்கிருந்த பழைய தோல் கட்டின் மேல் ஏறியதை நான் இன்றும் மறக்கவில்லை. கார் அவர் காலடி வரை வழுக்கிக்கொண்டு வந்து, சலாம் சொல்வதுபோல் கொஞ்சம் நின்று, அப்படியே ஒரு அரைவட்டம் சுற்றி, தெருவைப் பார்த்து முகத்தை வைத்துக்கொண்டு, சாய்விலே வழுக்கி வெளியே போய் வேப்பமரத்தடியில் பழைய இடத்திலேயே நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மூக்கையா கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னான்: “மொதலாளி, இனிமே ரிவர்ஸ் எடுக்குற வேலை மிச்சம்.”

வீட்டம்மா தீர்ப்பு

இருப்பது ஒரே நாள். தரையைக் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள் என்று ராவுத்தர் உத்தரவு போட்டார். பெற்ற பிள்ளையின் முகத்தில் உளி வைக்கச் சொன்னதுபோல் சவரிமுத்து வெளிறிப்போனார். இருந்தாலும் வாடிக்கையாளர் சொல் வாடிக்கையாளர் சொல்தான். வியாழக்கிழமை காலையில் உளியும் சுத்தியுமாகப் போனோம். கொட்டகைக்குள் கால் வைக்க இடமில்லை. ஒரு பக்கம் நாலு பெண்கள் அந்த வெளிச்சத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் பத்து வருசமாகக் கண்ணில் படாத கல்லெல்லாம் இங்கே படுவதாகப் பேச்சு. இன்னொரு பக்கம் தெருப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள்.

ராவுத்தரின் வீட்டம்மா வாசலில் நின்று எங்களை மறித்துவிட்டார். ராவுத்தர் பின்னாலிருந்து சம்பந்தி வீட்டார் சொன்னதை நினைவுபடுத்தினார், மகளின் வாழ்வு என்றார், தன் மானம் என்றார், கடைசியில் வண்டியின் பெயிண்ட் என்றார். அந்தம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு வாசலோரம் குவிந்து கிடந்த செருப்புகளைக் காட்டிச் சொன்னார்: “உள்ள வர்றவுக அம்புட்டுப் பேரும் செருப்பைக் கழட்டிட்டுத்தான் வாராக. ஒங்க காரும் டயரைக் கழட்டிட்டு வரட்டும்.”

வெள்ளிக்கிழமை

ஜும்மாத் தொழுகை முடிந்த பிறகு ஒரு வாடகை வேனில் சேவுகம்பட்டிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களிடம் கார் கிடையாது. நானும் சவரிமுத்துவும் தெருவின் எதிர்வாடையில் நின்றோம். பழி வந்தால் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும் என்று ராவுத்தர் சொல்லியிருந்தார். அவர் வந்தவர்களை வரவேற்கும் போதுகூடக் காரை மறைத்துக்கொண்டே நின்றார். அந்த உடம்பு ஒரு சைக்கிளையும் மறைக்காது. மாப்பிள்ளையின் அத்தா காரை ஒரு தரம் பார்த்தார். கொட்டகை வாசலைப் பார்த்தார். மறுபடி காரைப் பார்த்தார். பெண்கள் பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். கூடம் கொள்ளாது என்று வீட்டம்மா அவர்களை நேரே கொட்டகைக்குள் அழைத்துப்போய்ப் பாய் விரித்து உட்கார வைத்து, வாசலில் திரையையும் இழுத்துவிட்டார்.

கிளட்ச் போய்விட்டது, அதனால்தான் தெருவில் நிற்கிறது என்று சொல்ல ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். ஆயுளில் முதல் தடவையாகப் பொய் நாக்கில் ஒட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூடக் கிடையாது. கொத்தனாருடைய ரோசமும் என்னுடைய ரோசமும் சேர்ந்து, முகம் தெரியாத ஒரு பெண்ணின் கல்யாணத்தை எண்ணெய் தடவி வழுக்கிவிட்டதே என்று என்னையே திட்டிக்கொண்டேன். சவரிமுத்து ஜெபமாலையைச் சட்டைப் பைக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தார். உள்ளே பெண்ணை அழைத்து வந்து விளக்குக்குக் கீழே உட்கார வைத்ததாக மூக்கையா ஓடிவந்து சொன்னான். ராவுத்தர் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

திரை விலகியது. மாப்பிள்ளையின் தாயார் தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசல் வரை வந்து, தன் வீட்டுக்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவர் காரைத் தாண்டிக்கொண்டு கிட்டே போனார். அந்தம்மா ரகசியமாகத்தான் சொன்னார், ஆனால் தெரு முழுக்க மூச்சுவிடாமல் நின்றதால் எதிர்வாடை வரைக்கும் கேட்டது: “பிள்ளைக்கென்ன கொறை, தங்கமா இருக்கு, இன்னிக்கே முடிச்சிருங்க. அப்பிடியே நம்ம வீட்டுக்கும் இதே மாதிரி ஒரு கார் ஷெட்டுக்குச் சொல்லிருங்க, காரைப் பொறவு வாங்கிக்கலாம்.”

அதற்குப் பிறகு நானும் சவரிமுத்துவும் திண்டுக்கல்லைச் சுற்றிப் பதினோரு கார் ஷெட்டுக்குத் தரை போட்டு விளக்கு மாட்டினோம். பத்தில் கல்யாணம் நடந்தது, ஒன்றில் வருசம் முழுக்க மிளகாய் காய்ந்தது, எதிலும் ஒரு கார் ஒருநாள்கூடத் தங்கியதாக எனக்குத் தகவல் இல்லை.