படகில் உட்கார ஓர் ஆள்

1. நூல்கடையில் பேட்டி

நான் சினிமாவுக்கு வந்தது காமிரா வழியாக அல்ல, பஸ் வழியாக. யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் மதுரையில் ஒரு பஸ் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். எந்த ஊருக்கு எந்தப் பாதையில் வண்டி போகும், எந்த ஓடையில் மழைக்காலத்தில் சக்கரம் புதையும் என்பதெல்லாம் அத்துப்படி. சிம்மக்கல்லில் நூல் வியாபாரம் செய்த ஒரு முதலாளி, நண்பர்கள் சிலரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு டாக்கி எடுக்கக் கிளம்பியபோது, அவருக்கு அப்படி ஒரு ஆள் தேவைப்பட்டது. கடையில் நூல் பேல்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் பேட்டி.

"சினிமா எப்படி எடுக்குறாகன்னு தெரியுமா?"

"தெரியாது மொதலாளி."

"நல்லதாப் போச்சு. தெரிஞ்சவுக ரெண்டு பேரை வச்சிருக்கேன். விடிஞ்சா ரெண்டு பேருக்கும் சண்டை. நீ ஆளு, வண்டி, சாப்பாடு மூணையும் பாத்துக்க."

அந்த மூன்றுக்கும் சேர்த்து மானேஜர் என்று பெயர். இப்போது புரொடக்ஷன் மானேஜர் என்கிறார்கள். வேலை அதேதான்.

முதலாளிகள் போட்ட பணம் பாதிப் படத்துக்கு வரும். மீதி விநியோகஸ்தரிடமிருந்து அட்வான்ஸாக வரவேண்டும். அவர் கோயமுத்தூர்க்காரர், கெட்டிக்காரர். "ஒரு பாட்டையாவது ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டார். ஆகவே படத்தின் சிறந்த பாட்டை முதலில் எடுப்பது என்று திட்டம். ராஜகுமாரி தோழிகளோடும் காதலனோடும் படகில் போகிற பாட்டு. அதற்குத் தண்ணீர் வேண்டும். சென்னை ஸ்டூடியோவில் இருந்தது ஒரு சிமெண்டுத் தொட்டிதான். டைரக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இதுல எருமையைத்தான் குளிப்பாட்டலாம்" என்றார்.

தண்ணீர் தேடும் வேலை எனக்கு வந்தது.

2. கண்மாய் பேசி முடித்தது

காளவாசலைத் தாண்டி மேற்கே போய், கிளைப் பாதையில் திரும்பினால் ஒரு ஊர். பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தக் கதையில் வரும் பெண்ணின் பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து கண்மாய் கரை தொட்டு நின்றது. தாமரையும் இருந்தது. டைரக்டர் கரையில் நின்று பார்த்ததும் வாயே திறக்கவில்லை. அதுதான் அவருடைய சம்மதம்.

ஊர் நாட்டாமையிடம் பேசினேன். தண்ணீர் ஓரமாக மரத்திலும் சாந்திலும் ஒரு படித்துறை செட் போட வேண்டும். தண்ணீர் ஒரு சாண் இறங்கினாலும் செட்டின் அடிப்பலகை வெளியே தெரிந்துவிடும். ஆகவே எடுத்து முடிக்கும்வரை மடையைத் திறக்கக் கூடாது. கோயில் மராமத்துக்குக் கம்பெனி நன்கொடை தரும்.

"எம்புட்டு நாளைக்கு?" என்று கேட்டார் நாட்டாமை.

"ஒரு வாரம் போதும்ணே."

"ஒரு வாரம் பயிரு தாங்கும். கோயில் காரியம்னு வேற சொல்றீக. செய்யுங்க."

அவருடைய வயல்கள் கரையை ஒட்டி இருந்தன. கண்மாயின் கசிவிலேயே அங்கே ஈரம் காயாது. வாய்க்காலின் கோடியில், கடைமடையில் நிலம் வைத்திருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தெரியாது. நான் ஊரைப் பேசி முடித்ததாக நினைத்தேன். ஒரு மனிதரைத்தான் பேசி முடித்திருந்தேன்.

3. தந்தி

செட் தயாரானது. இரட்டை மாட்டு வண்டிகளில் ரிஃப்ளெக்டர் பலகைகள், சமையல் சாமான்கள், உடுப்புப் பெட்டிகள் எல்லாம் வந்து இறங்கின. காமிராமேனும், காதலனாக நடிக்கும் ராஜபார்ட் நடிகரும், தோழி வேஷக்காரப் பெண்கள் இருவரும் வந்தார்கள். கதாநாயகி மட்டும் வரவில்லை. சென்னையில் வேறொரு கம்பெனிப் படம் முடியவில்லை, இரண்டு நாளில் வருகிறேன் என்று தந்தி. இரண்டு நாள் கழித்து, ஜுரம் என்று தந்தி. அதற்கப்புறம் தந்தியும் இல்லை.

வாரம் முடிந்தது. நெல் பொதி கட்டி, கதிர் வெளியே வரும் பருவம். அந்தப் பருவத்தில் தண்ணீர் இல்லையென்றால் கதிர் பதராகிவிடும் என்பது மதுரைப் பக்கத்தில் பிறந்த எவனுக்கும் தெரியும். சிம்மக்கல்லுக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன்.

"மொதலாளி, மடையைத் தொறக்கணும். பயிரு வாடுது."

"தொறந்தா செட்டு?"

"போயிரும்."

"இன்னொரு செட்டுப் போட எங்கிட்டக் காசு இல்லடா. பாட்டு இல்லைன்னா கோயமுத்தூர்க்காரன் அட்வான்ஸ் தரமாட்டான். அட்வான்ஸ் இல்லைன்னா படமே இல்ல. நாட்டாமையப் பாத்து இன்னொரு வாரம் வாங்கு."

நாட்டாமை இன்னொரு வாரம் கொடுத்தார். நன்கொடையும் கொஞ்சம் கூடியது.

கடைமடைக்காரர்கள் கரைக்கு வர ஆரம்பித்தார்கள். ஆண்கள் வந்து நாட்டாமை முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். திரும்பாமல் நின்றவள் ஒருத்திதான். பெயர் வெள்ளையம்மாள். முப்பது வயதைத் தாண்டியிருப்பாள். நல்ல உயரம். புருஷன் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது, வெள்ளைச் சேலைதான் உடுத்தியிருந்தாள். கடைமடையில் கொஞ்சம் நிலம், ஒரே மகள். மகளுக்கு நாத்தனார் மகனோடு பரிசம் போட்டாகிவிட்டது. அறுவடை முடிந்ததும் கல்யாணம்.

"தம்பி, நீங்கதான் மேனேசரா?" என்றாள். "உங்க படத்துல தண்ணி எதுக்கு? குடிக்கவா?"

"பாக்குறதுக்கு, அக்கா."

"எங்க வயக்காட்டையும் வந்து பாருங்க. அதுவும் பாக்குறதுக்கு நல்லாத்தேன் இருக்கும்."

போய்ப் பார்த்தேன். மண் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது.

4. உயரம்

திரும்பி வந்து டைரக்டரிடம் ஒரு யோசனை சொன்னேன். படகு நடுக் கண்மாயில் போகிற தூரத்துக் காட்சிகளை இங்கே எடுத்துவிடலாம். அதில் முகம் தெரியாது, வாயசைவும் தெரியாது. முகம் தெரிகிற காட்சிகளைக் கதாநாயகி வந்தபின் ஸ்டூடியோத் தொட்டியில் எடுத்துக்கொள்ளலாம். பாட்டை அங்கே பதிந்து சேர்க்கலாம். இப்போது டூப் என்கிறார்களே, அதுதான். எங்களுக்கு அந்த வார்த்தை அன்று தெரியாது.

டைரக்டர் முதலில் கத்தினார். பிறகு யோசித்தார். "சரி, ஆள் எங்கே? தோழிப் பெண்கள் படகில் தோழிகளாகவே உட்கார வேண்டும். அவர்களை எடுக்க முடியாது. ஹீரோயினின் உயரத்துக்கு ஆள் வேண்டும்" என்றவர், கரையைப் பார்த்தார். வெள்ளையம்மாள் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த அம்மா உயரம் சரியாக இருக்கும்."

அவர் மெதுவாகப் பேசுகிறவர் அல்ல. அவளுக்குக் கேட்டுவிட்டது. நேரே என்னிடம் வந்தாள்.

"நான் அதுல ஏறி உக்காந்தா மடையைத் தொறந்துருவீகளா?"

"அக்கா, வேணாம். கலர்ச் சேலை கட்டணும். பூ வைக்கணும், பொட்டு வைக்கணும். பக்கத்துல ஒரு ஆம்பள உக்காருவான். ஊரு என்ன பேசும்னு யோசிச்சுப் பாருங்க."

"கதிரு பதராப் போனா எம் மக கல்யாணம் நிக்கும். அப்ப ஊரு என்ன பேசும்?"

நாட்டாமையைக் கூப்பிட்டு, ஊர்க்காரர்கள் முன்னால் கேட்டேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "ஏறட்டும். நல்ல காரியந்தானே. முடிஞ்சதும் மடையைத் தொறந்துக்கலாம்." கேட்டவர்கள் பலர். அன்று முகம் சுளித்தவர் ஒருவரும் இல்லை. கடைமடைக்காரர்கள் சிலர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் எடுத்தோம். தோழிப் பெண்கள் அவளுக்கு ராஜகுமாரியின் பட்டைக் கட்டிவிட்டார்கள். மேக்கப்காரர் குங்குமத்தோடு கையை நீட்டியபோது அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விட்டுவிட்டாள். பொட்டு வைத்து, மல்லிகை வைத்ததும் கூட்டத்தில் யாரோ ஒரு கிழவி அழுதாள். ராஜபார்ட் நடிகர் மரியாதை தெரிந்தவர். "தாயே, பயப்படாம உக்காருங்க" என்று சொல்லி, விளிம்பு ஓரமாகத் தள்ளி உட்கார்ந்தார். டைரக்டர் நெருங்கி உட்காரச் சொல்லிக் கரையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். நடிகர் காது கேட்காதவர் போலவே இருந்துவிட்டார்.

படகு போனது, வந்தது, மறுபடி போனது. மேகம் வந்து வெயிலை மறைத்தது. காத்திருந்து எடுத்தோம். உச்சி வெயில் சாய்ந்தபோது டைரக்டர் "போதும்" என்றார்.

உடுப்பை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். வெள்ளையம்மாள் மாற்றவில்லை. பட்டும் பூவுமாகக் கரைமேல் நடந்து போய் மடையருகே நின்றாள். "தொறங்க" என்றாள். ஆட்கள் திறந்தார்கள். தண்ணீர் வாய்க்காலில் இறங்கி ஓடுகிற சத்தம் கேட்டபிறகுதான் குனிந்து அந்தத் தண்ணீரை அள்ளிப் பொட்டைக் கழுவினாள். செட்டின் அடிப்பலகைகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன. எனக்கு அன்று பெரிய சந்தோஷம். என் யோசனையால் படமும் பிழைத்தது, பயிரும் பிழைத்தது என்று நினைத்தேன்.

5. படம் ஓடியது

கதாநாயகி ஜுரம் தெளிந்து வந்தார். முகம் தெரிகிற காட்சிகளைத் தொட்டியில் எடுத்தோம். பாட்டைப் பார்த்துவிட்டுக் கோயமுத்தூர்க்காரர் அட்வான்ஸ் கொடுத்தார். படம் முடிந்து மதுரையில் வெளியானது. படகுப் பாட்டு வரும்போது கொட்டகையில் விசில் பறந்தது. பத்திரிகையில், கதாநாயகி துணிந்து நடுக் கண்மாயில் படகேறி நடித்ததாக எழுதினார்கள்.

அந்த ஊரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். கண்மாயில் நேரில் பார்த்தபோது யாருக்கும் தப்பாகத் தெரியாதது, திரையில் பாட்டோடும் விசிலோடும் பார்த்தபோது தப்பாகத் தெரிந்தது. காதல் பாட்டல்லவா? முன்வரிசையிலிருந்து எவனோ கத்திய ஒரு வார்த்தையை ஊருக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். நாத்தனார் பரிசத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். ஊர் கூடி, இனி அவள் வீட்டு விசேஷத்துக்கு யாரும் போகக் கூடாது என்று முடிவு செய்யப் போவதாக எனக்குச் செய்தி வந்தது.

முதலாளியிடம் ஓடினேன். "நீங்க ஒரு வார்த்தை வந்து சொன்னாப் போதும் மொதலாளி. கம்பெனிதான் கேட்டுச்சு, ஊரே சம்மதிச்சுச்சுன்னு சொன்னாப் போதும்."

"என்னத்தச் சொல்றது? படகுல இருந்தது கதாநாயகி இல்ல, ஊர்க்காரப் பொம்பளைன்னா? படம் ஓடிக்கிட்டிருக்குறப்பவா? நீயும் போகக் கூடாது. போனா அப்படியே போயிரு."

போனேன். கோயில் வாசலில் கூடியிருந்தார்கள். அன்று மரத்தில் எழுப்பிய படித்துறையையும், தொட்டியில் எடுத்த முகத்தையும், எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். கடைசியில் நாட்டாமையைப் பார்த்து, "நீங்கதானே ஏறட்டும்னு சொன்னீக?" என்று கேட்டேன்.

"படகுல ஏறச் சொன்னேன்," என்றார் அவர் நிதானமாக. "பூ வைக்கச் சொன்னேனா?"

கடைமடைக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். அந்த வருஷம் அவர்களுக்கு நல்ல விளைச்சல். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கும்பிட்ட கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். வெள்ளையம்மாள் கூட்டத்துக்கு வரவே இல்லை.

சிம்மக்கல்லுக்குத் திரும்பியபோது என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

6. மில் வாசல்

யுத்தம் ஆரம்பித்தபின் வேறொரு கம்பெனியில் எனக்கு மானேஜர் வேலை கிடைத்தது. ஒருநாள் மதுரைப் பஞ்சு மில்லில் ஷிப்ட் விடுகிற நேரத்தில் வாசல் வழியாகப் போனபோது, பஞ்சு படிந்த தலையோடு வெளியே வந்த பெண்களில் அவளைப் பார்த்தேன். நிலத்தை நாத்தனாரிடமே கொடுத்துவிட்டு மகளோடு மதுரைக்கு வந்துவிட்டாளாம். மகளுக்கு மில்லிலேயே வேலை செய்கிற ஒரு பையனைப் பார்த்துக் கட்டிவைத்திருந்தாள். என்னிடம் கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

எங்கள் புதுப் படத்தில் ராணிக்குத் தாயாக ஒரு வேஷம் இருந்தது. மில் கூலியைவிடப் பல மடங்கு கிடைக்கும். நல்லது செய்வதாக நினைத்துச் சொன்னேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஊருல என்னைக் கூத்தாடிச்சின்னு சொன்னாக தம்பி. அது பொய்யின்னு நெனச்சுத்தேன் தலை நிமிந்து நடந்துக்கிட்டிருக்கேன். அதை நெசமாக்கச் சொல்றீகளா?"

பதிலுக்குக் காத்திராமல் மற்றப் பெண்களோடு சேர்ந்து நடந்து போய்விட்டாள். பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். எத்தனை ஆள் வேண்டும், எத்தனை வண்டி வேண்டும் என்று திட்டம் போடுவது யாருக்கும் வரும். வெளியூரில் ஒரு ஆளைக் காமிரா முன்னால் நிறுத்தும்போது, நாம் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனபிறகு அந்த ஆள் யார் நடுவே வாழவேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் சில காட்சிகளை எடுக்க முடியாது. நான் எடுக்காமல் விட்டிருக்கிறேன். அதனால் படம் கெட்டது என்று என்னைத் திட்டியிருக்கிறார்கள். கெட்டுத்தான் போனது. போகட்டும்.