மறையூர் மலைமேல் ஆசிட் குடித்த வண்டி

மூணாறு போக வழி கேட்டு எழுதுகிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அந்த வழியை நினைத்தாலே எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. எழுபதுகளின் நடுவில், ஒரு தை மாதம், தேயிலை எஸ்டேட் ஒன்றுக்குப் பாட்டரி பூட்டப் போன வழி அது.

கொழுந்து மூட்டையைப் பெண்கள் தலையில் சுமந்து மேடேறுவதற்குப் பதில், பாட்டரியில் ஓடும் சின்ன வண்டி சுமந்து ஏற வேண்டும்; அதுதான் திட்டம். எந்தப் பாட்டரி என்பதில்தான் சண்டை. ஈயப் பாட்டரியே போதும் என்றார் மானேஜர். முழுக்கக் காலியாகிச் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் அது செத்துவிடும் என்று மல்லுக்கட்டி, நிக்கலும் இரும்பும் சேர்ந்த காரப் பாட்டரியை வாங்க வைத்தேன். அடி உதை தாங்கும். குளிரில் மட்டும் கொஞ்சம் சோம்பும்.

காலை ஆறு மணிக்கு முதலமடையில் பழனிச்சாமியின் லாரியில் செல்களை ஏற்றினோம். பொள்ளாச்சி வழியாக உடுமலை. அங்கே டீ இருபது காசு, கழுநீர் தேவலை. அப்புறம் மறையூர் நாற்பது கிலோமீட்டர் சொச்சம், அங்கிருந்து மூணாறு இன்னொரு நாற்பது; யானை குறுக்கே நின்றால் நேரக் கணக்கெல்லாம் அம்போ.

"ஏனுங்க, இதுக்கு ஆசிட் கொண்டாரலீங்களா?" என்றார் பழனிச்சாமி. வண்டி மக்கர் பண்ணினால் பாட்டரியில் கொஞ்சம் ஆசிட் ஊற்றிப் பார்ப்பது லாரிக்காரர்கள் பழக்கம். அவர் லாரியிலும் ஒரு கேன் ஆசிட் இருந்தது.

"இதுக்குள்ள இருக்கறது காரம், ஆசிட்டுக்கு நேர் எதிரி. ஆசிட் ஊத்தினா தொலைஞ்சது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்."

"அட சாமி! நான் தொடவே மாட்டனுங்க."

எஸ்டேட் போய்ச் சேர்ந்ததும் மானேஜரிடமும் இதையே சொன்னேன். தலையாட்டினார். பாட்டரியைப் பூட்டும்போது பேச்சியம்மாள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கழுத்து பிசகியும் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்.

"நெசமாவே ஏறிருமா சார்? இனிமே சும்மாடு வேண்டாமா?"

"வேண்டாம்மா," என்றேன்.

மறுநாள் காலை நல்ல பனி. வண்டி பாதி மேட்டில் திணறி நின்றது. வெயில் வரட்டும், பொறுங்கள் என்று சொல்லிவிட்டு மீட்டர் எடுக்க ஃபாக்டரிக்கு இறங்கினேன். மேலதிகாரிகள் வரும் நாளாம், மானேஜருக்குப் பொறுக்கவில்லை. லாரியிலிருந்த கேனை எடுத்துவரச் செய்து, செல் செல்லாகத் தன் கையாலேயே ஊற்றியிருக்கிறார். தடுத்த பழனிச்சாமியை, டிரைவர் வேலையை மட்டும் பார் என்று விரட்டியிருக்கிறார். நான் வந்தபோது செல்கள் பொங்கி வழிந்தன.

"என்னய்யா, பாட்டரியா இது, உலையா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று கத்தினேன்.

"லாரிக்கு ஊற்றுகிறார்களே," என்றார் மானேஜர், வெட்கமே இல்லாமல். "உங்கள் சரக்கு சரியில்லை. எடுத்துக்கொண்டு போங்கள்." வண்டித் திட்டமே வேண்டாம் என்று அங்கேயே முடித்துவிட்டார். படுபாவி!

நீங்கள் போகும்போது கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். உடுமலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். தேயிலை மேட்டில் வரிசையாக நடக்கும் பெண்களைப் படம் எடுக்க வண்டியை நிறுத்துவீர்கள், தெரியும். அப்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்று வண்டி நின்ற மேட்டுப் பாதைக்குப் பழனிச்சாமியின் லாரி வராது. செத்த செல்களைக் கவிழ்த்துக் கழுவி நானும் அவரும் ஆளுக்கொன்று தூக்கினோம். மீதியைத் தூக்க, வேலை வாங்கும் கங்காணி கொழுந்துப் பெண்களைக் கூப்பிட்டார். பேச்சியம்மாள் சேலைத் துணியைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து குனிந்தார்.

"தூக்கி வைங்க சார். ஒங்க வண்டியையும் நான்தான் சொமக்கணும் போலுக்கு."