சிங்கப்பூரிலிருந்து ஒருவர்

ஒரு வெப்சைட்டுக்கு யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. வேலையில் ஊறிப்போன பிறகு, 'இதுக்கு சர்ட்டிஃபிகேட் இருக்கா?' என்று கேட்கப்பட்டு, பிள்ளையின் ஹோம்வொர்க்குக்குப் பக்கத்தில் தன் பாடத்தையும் விரித்தவர்கள் இருந்தால் வாங்க, இப்படி உட்காருங்க.

மறுபடியும் ஃபெயில்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களுடையது சின்ன கம்பெனி. புது கிளையண்ட்டுகள் கேட்கிறார்கள் என்று மேனேஜர் எல்லோரையும் ஆன்லைன் பரீட்சை எழுதச் சொன்னார். தினமும் செய்கிற வேலைதானே என்று தெனாவட்டாக உட்கார்ந்தேன். ஊத்திக்கிச்சு. மறுபடி எழுதினேன், அதுவும் ஊத்திக்கிச்சு. பக்கத்து சீட்டு ரம்யாதான் ஆறுதல் சொன்னாள்: "அக்கா, நீங்க செய்யிறத எழுதுறீங்க. அவங்க சொல்லிக்குடுத்தத எழுதுங்க."

சேக்காட்டு சேர்

சேக்காட்டில் சாமியானா, சேர் வாடகைக்கு விடும் ஏகாம்பரம் அண்ணன் எங்கள் கிளையண்ட். அவர் மகனின் காதல் கல்யாணத்தில் வீட்டில் பெரிய சண்டை. சிங்கப்பூர் போனவன் நம்பரையே மாற்றிவிட்டான்.

மாதாமாதம் ரிப்போர்ட் அனுப்பினால் வியாபாரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். எந்தெந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்ற பக்கம் மட்டும் போதும். அதில் சிங்கப்பூர் தவறாமல் இருக்கும். அதற்காகவே அவர் வெப்சைட்டில் சாமியானா படங்களுக்கு நடுவில் வீட்டம்மா படம், புதுசாக வெள்ளையடித்த வீட்டின் படம் என்று போடச் சொல்வார். கஸ்டமர் குழம்பிப் போவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்.

"சிங்கப்பூர்ல குந்திகினு சேக்காட்டு சேரை வேற எவன்மா பாப்பான்? எம் புள்ளதான்."

பாஸ்

இந்த முறை பாடத்தை ஒழுங்காகப் படித்தேன். வருகிற எல்லோரும் மனிதர்கள் இல்லை, சிலது தானாக ஓடும் மிஷின் வேலை என்று அதில் வந்தது. ஒரே ஊரிலிருந்து வரும், ஒரு நொடிகூட நிற்காது, எதையும் தொடாது, திரும்ப வரும். ஏகாம்பரம் அண்ணன் கணக்கைத் திறந்தேன். சிங்கப்பூர் மொத்தமும் அதுதான். ஒரு படத்தைக்கூட யாரும் திறந்து பார்க்கவில்லை.

பாஸானேன். கேக் வெட்டினார்கள், என் துண்டை ரம்யா பக்கம் தள்ளிவிட்டேன். இனி மிஷின் வருகையை நீக்கிய ரிப்போர்ட்தான் போகவேண்டும் என்றார் மேனேஜர். இவர் ஒருத்தருக்கு மட்டும் பழையபடி விட்டுடலாமே என்று கெஞ்சினேன். அவரும் கெட்டவர் இல்லை. தயங்கித்தான் சொன்னார்: "பொய்னு தெரிஞ்சப்புறம் எப்படிம்மா அனுப்புறது?"

அடுத்த ரிப்போர்ட்

நேரில் போய்ச் சொல்லலாம் என்று ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போட்டேன். அதற்குள் ரிப்போர்ட் தானாகவே போய்விட்டது. மறுநாளே பஸ் பிடித்து ஆபீசுக்கு வந்துவிட்டார், சட்டையெல்லாம் வியர்வை. சிங்கப்பூரைக் காணோமே, மகனுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். வீட்டம்மா ரிப்போர்ட் வந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

அதற்குமேல் மறைக்க மனசு வரவில்லை. உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத்தான் அழுகை வந்தது, அவர் அழவில்லை. செல்போனில் அந்தப் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஊட்ல அவளாண்ட நான் இன்னான்னு சொல்றது? அந்த மிஷினையே திரும்ப வரவுடேன்மா."

என் மேசைக்கு மேலே சர்ட்டிஃபிகேட் தொங்குகிறது, வந்தவர் யார் என்று சரியாகச் சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டதாம்.