அடுத்த வரிக்குப் போ

மாட்யூல் எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் மேசைமேலேயே இணைய இணைப்பு இருக்கிறது. என் முதல் புகார் இதுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில், பழைய கதவு, தூண் விற்கும் கடை ஒன்றின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் பெர்ல் மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்தை வெட்டவும் ஒட்டவும் வரிசைப்படுத்தவும் பெர்லைப் போல வசதியான மொழி அப்போது வேறில்லை. அடிக்கடி தேவைப்படும் வேலைகளை எங்கோ ஒருவர் முன்கூட்டியே எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாகப் பொதுவில் வைத்திருப்பார். அந்தத் துண்டுகளுக்குத்தான் மாட்யூல் என்று பெயர். நல்ல மனசுதான். ஆனால் இலவசம் என்பதற்காகக் குறை சொல்லக் கூடாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காரைக்குடியிலிருந்து எடுக்கிறவருக்கு அது இலவசமும் இல்லை.

இணைப்பு வேண்டுமானால் தொலைபேசியில் மதுரைக்கு எஸ்.டி.டி. போட வேண்டும். பாதியில் அறுந்துவிடும். அதனால் பஸ் ஏறி மதுரைக்கே போய், தெரிந்த ஒருவரின் அலுவலகத்தில் உட்கார்ந்து பிளாப்பியில் இறக்கிக்கொண்டு வருவேன். இங்கே வந்து ஓட்டினால், எனக்கு இன்னொரு மாட்யூல் வேண்டும் என்று திரையில் செய்தி வரும். மறுபடி பஸ். அந்த இன்னொன்று, மூன்றாவது ஒன்றைக் கேட்கும். ஒரே ஒரு மாட்யூலுக்காகத் திருப்பத்தூர், மேலூர் வழியாக மூன்று முறை போய் வந்திருக்கிறேன். தேவைகளை முதல் பக்கத்திலேயே எழுதிவைக்க அந்த மனிதருக்கு என்ன கேடு?

இணையப் படிவம் ஒன்றிலிருந்து ஒரு பெயரை வாங்கித் தர, நூற்றுக்கணக்கான செயல்களைக் கூடவே கூட்டிவரும் மாட்யூல் ஒன்று இருந்தது. அதை எல்லாரும் புகழ்ந்தார்கள். தேதிகளைக் கையாளும் இன்னொன்றில், வேகம் வேண்டுமானால் இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதன் ஆசிரியரே கையேட்டில் எழுதியிருந்தார். அந்த நேர்மையை மெச்சலாம். ஆனால் 3/6 என்று கொடுத்தால் அது மார்ச் ஆறு என்று எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் அது ஜூன் மூன்று. 25/6 என்று கொடுத்தால் அப்படி ஒரு தேதியே இல்லை என்று மறுத்துவிடும். பாதித் தேதியைத் தப்பாகவும் மீதியை இல்லாததாகவும் ஆக்கும் ஒன்றை உலகம் முழுவதற்கும் என்று சொல்லி எப்படி வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குக் கோபம்.

இவற்றுக்கு நடுவே நான் மெச்சிய மாட்யூல் ஒன்றே ஒன்று. கமா போட்டுப் பிரித்த பட்டியல்களை வாசித்துத் தருவது. சிறியது, துணைக்கு யாரையும் கேட்காதது, கையேடு இரண்டே பக்கம். மதுரைக்கு ஒரே பயணம். பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதைப் பற்றிச் சொன்னேன்.

அந்த வருஷம் பல பள்ளிகளை நடத்தும் ஒரு நிர்வாகம் ஆசிரியர்களின் பணிமூப்புப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தரச் சொன்னது. ஒரு பள்ளியில் இடம் காலியானால், கேட்பவர்களில் யார் பணியில் மூத்தவரோ அவருக்குத்தான் அந்த இடம். தாளாளர் எங்கள் கோயிலின் பாதிரியார். கையால் எழுதிய பட்டியலில் ஆண்டுதோறும் சண்டை வருகிறது, இனி யாரும் குறை சொல்ல முடியாதபடி செய்துகொடு என்றார். கம்ப்யூட்டர் ஆள் பார்த்து வேலை செய்யாது சாமி என்று நானே சொன்னேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு ஆசிரியர்கள் படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள். எங்கள் சென்டரில் டைப் செய்த பெண் படிவத்தில் இருப்பதை அப்படியே அடிப்பவள். ஆங்கிலத்தில் எழுதியவர்களை ஆங்கிலத்திலும், தமிழில் எழுதிய சிலரைத் தமிழிலும் அடித்தாள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. முகவரிக்குள்ளும் கமா வரும் என்பதால் எனக்கு அந்த மாட்யூல் தேவைப்பட்டது. தேதி விஷயத்தில் எச்சரிக்கையாக இருந்தேன். தேதி மாட்யூலை ஒதுக்கிவிட்டு, பணியில் சேர்ந்த நாளை நானே பிரித்தெடுத்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

பட்டியலைக் கொடுத்த மறு வாரம் இடமாறுதல் கூட்டம் நடந்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் ஒரு தமிழாசிரியை மாடி ஏறி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் படிவத்தின் ஜெராக்ஸ்.

பதினோரு வருஷமாகக் கடற்கரை ஊர் ஒன்றில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். வீட்டுக்காரர் கண்டரமாணிக்கத்தில் விவசாயம். இரண்டு பிள்ளைகளும் அங்கேதான். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஏறிவிடுவார். இந்த வருஷம் தமிழுக்கு இரண்டு இடம் காலி, காரைக்குடியில் ஒன்று, வலையபட்டியில் ஒன்று. கூட்டத்தில் வரிசையாகப் பெயர் கூப்பிட்டிருக்கிறார்கள். தனக்கு நான்கு வருஷம் இளைய ஒருவர் எழுந்துபோய்க் காரைக்குடியை வாங்கினார், இன்னொரு இளையவர் வலையபட்டியை வாங்கினார், இவர் பெயர் வரவேயில்லை. கேட்டதற்கு, கம்ப்யூட்டரில் இல்லை என்று பதில் சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்கதான் அந்த லிஸ்டு போட்டவுகளா? என் பேரை எங்க விட்டீகன்னு பாத்துச் சொல்லுங்கம்மா. பஸ்ஸு ரெண்டு மணிக்குத்தான். இருக்கேன்."

டைப் செய்த கோப்பில் அவர் பெயர் இருந்தது, தமிழில், ஒரு புள்ளி பிசகாமல். என் பட்டியலில் இல்லை. அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து மாட்யூலிடம் கொடுத்தேன். பிரிக்க முடியவில்லை என்றது. கையேட்டை எடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. கணினியில் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. ஆங்கிலத்தின் தேவை 126-க்குள் முடிந்துவிடும். நாங்கள் அப்போது வைத்திருந்த எழுத்துருவில் தமிழுக்கு அதற்கு மேலே இடம். 126-க்கு மேலே எது வந்தாலும் ஏற்க மாட்டேன் என்று அந்த வாக்கியம் சொன்னது.

நான் அவரிடம் பொரிந்து தள்ளிவிட்டேன். இதை எழுதியவர் ஓர் அமெரிக்கர், தன் எழுத்து முடிகிற இடத்தில் உலகமும் முடிகிறது என்று நினைத்துக்கொண்டார், கமாவைப் பார்த்துப் பிரிக்கிற வேலைக்கு உள்ளே என்ன எழுத்து இருந்தால் அவருக்கு என்ன, தமிழை வாசிக்கச் சொல்லி யாராவது கேட்டார்களா, கமாவை எண்ணினால் போதாதா. இப்படியே போனேன்.

அவர் முழுவதும் கேட்டார்.

"அப்ப தமிழ்ல எழுதுனதுக்கா என்னைத் தள்ளுச்சு?"

ஆமாம் என்றேன்.

"தமிழ் டீச்சர் தமிழ்ல எழுதக் கூடாதாக்கும்" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "என்னால முடியலைன்னு அது ஒங்ககிட்டச் சொல்லுச்சா, சொல்லாம முழுங்கிருச்சா?"

நான் திரையைப் பார்த்தேன். நான் எழுதிய வரி அங்கே இருந்தது. பிரிக்க முடியாவிட்டால் அடுத்த வரிக்குப் போ. கோப்பில் இடையிடையே வெற்று வரிகளும் பக்கத் தலைப்புகளும் இருந்தன. அவற்றைத் தாண்டத்தான் அப்படி எழுதினேன்.

"சொல்லுச்சு" என்றேன். "நான்தான் கேக்க வேண்டாம்னு எழுதிட்டேன்."

"பெறகு அவனை ஏன் வையிறீக."

இந்த வேலைக்கு வருமுன் மூன்று வருஷம் மதுரையில் ஒரு நாளிதழில் புரூஃப் பார்த்தவள் நான். தேர்வு முடிவுப் பக்கம் வந்தால், அச்சுக்குப் போகும் முன் எண்களை எண்ணிப் பார்ப்போம். வந்தது இத்தனை, போவது இத்தனை. ஒன்று குறைந்தாலும் பக்கம் நகராது. அந்தப் பழக்கம் எனக்குக் கைவந்தது. இங்கே எண்ணவில்லை. கம்ப்யூட்டர் செய்ததை எண்ணுவானேன் என்று நினைத்திருக்கிறேன். இப்போது எண்ணினேன். பட்டியலில் இருநூற்று மூன்று பேர்தான்.

"நான் மட்டுந்தானா?" என்று அவர் கேட்டார்.

இல்லை, ஒன்பது பேர் என்றேன். ஒன்பதையும் திரையில் போட்டுக் காட்டினேன். அத்தனை பேரும் தமிழாசிரியர்கள். அவர் ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு வந்து ஆறாவதில் நின்றார்.

"இவுக எனக்குப் பத்து வருசம் மூத்தவுக. இவுகளும் காரைக்குடிதான் கேட்டிருந்தாக. பேரு வரலைன்னதும், ரிட்டையர் ஆகப்போறவனுக்குக் குடுக்க மாட்டாகன்னு நெனச்சுக்கிட்டுப் பேசாமப் போயிட்டாக."

அவருக்குப் புரிந்தது எனக்கும் புரிந்தது. அவர் ஒருவர் பெயரை மட்டும் சேர்த்தால் காரைக்குடி அவருக்கு. ஒன்பதையும் சேர்த்தால் ஆறாவது ஆளுக்கு. கீழே கடையில் ஒரு கதவை இழுத்து நகர்த்தும் சத்தம் கேட்டது. அவர் ஜெராக்ஸை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எல்லாத்தையும் போட்டுக் குடுங்க" என்றார்.

ஒன்பதும் சேர்ந்த பட்டியலை எடுத்துக்கொண்டு அன்றே தாளாளரிடம் போனேன். உத்தரவுகள் டைப் ஆகிவிட்டன என்றார். பிறகு, தப்பு நடந்திருந்தால் ஒரு கடிதம் எழுதிக் கொடு, 'கம்ப்யூட்டர் கோளாறு' என்று எழுது, யாருக்கும் சங்கடம் இல்லை, இந்த ஒன்பது பேரையும் அடுத்த வருஷம் முதலில் கவனிப்போம் என்றார். கனிவாகத்தான் சொன்னார்.

எனக்கு அந்த மாட்யூலின்மேல் வந்ததைவிட அதிகமான கோபம் அந்த இரண்டு சொல்லின்மேல் வந்தது. நாளிதழில் அதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தொழில்நுட்பக் காரணங்களால் என்று போட்டுவிட்டால் எந்த மனிதரும் எதையும் திருப்பிச் செய்ய வேண்டியதில்லை. மழை பெய்தது மாதிரி ஆகிவிடும். கோளாறு என்றால் பட்டியல் நிற்கும். பிழை என்றால் பட்டியல் செல்லாது.

"கோளாறு இல்ல சாமி. மெஷின் சரியாத்தான் சொல்லுச்சு. நான் எழுதுனது தப்பு."

"அப்படி எழுதுனா ஒம்பேருதான் கெடும். இனி ஒனக்கு யாரு வேலை குடுப்பா?"

அவர் மேசையில் இருந்த ஒரு தாளை எடுத்து, பணிமூப்புப் பட்டியலில் ஒன்பது பெயர்கள் விடுபட்டது அதைத் தயாரித்தவரின் பிழை, ஆகவே அப்பட்டியல் செல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை வாசித்தார். கோபமாக இருந்தார். ஆனால் தாளைக் கிழிக்கவில்லை.

தமிழ் இடங்களுக்கு மட்டும் மறு வாரம் திரும்பக் கூப்பிட்டார்கள். காரைக்குடி ஆறாவது பெயர்க்காரருக்குப் போனது. வலையபட்டி அந்த ஆசிரியைக்கு. இரண்டு பஸ் மாற வேண்டும், ஆனால் தினமும் வீட்டுக்குப் போய்விடலாம். காரைக்குடியை இழந்த இளைய ஆசிரியர் வெளியே என்னைப் பார்த்து, "ஒரு வாரமாவது காரைக்குடி வாத்தியாரா வச்சிருந்தீகளே, அதுக்கு நன்றி" என்றார். அவருக்கு நான் செய்ததும் அநியாயம்தான்.

மாட்யூல் ஆசிரியருக்கு மதுரையிலிருந்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மரியாதையான பதில் வந்தது. எல்லா எழுத்தையும் ஏற்கும் வேறொரு மாட்யூல் வந்திருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம் என்றார். எடுத்துவந்தேன். அதை நிறுவ, சி கம்பைலர் என்ற இன்னொரு மென்பொருள் வேண்டுமாம். எங்கள் இயந்திரத்தில் அது இல்லை. கடைசியில் கமாவைப் பிரிக்கப் பதினான்கு வரி நானே எழுதினேன். பிரிக்க முடியாத வரி வந்தால் அந்த நிரல் அங்கேயே நின்றுவிடும். முடிவில் இத்தனை வந்தது, இத்தனை போனது என்று அச்சடிக்கும்.

அடுத்த வருஷமும் வேலை எனக்கே வந்தது. தாளாளர் ஏன் கொடுத்தார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படிவங்களைப் பிரித்து அடுக்கும்போது அந்த ஒன்பது பேரைத் தேடினேன். எட்டுப் பேர் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தார்கள். பெரிய எழுத்தில், பழகாத கையால், தங்கள் ஊரின் பெயரையே அடித்துத் திருத்தி எழுதியிருந்தார்கள். காரைக்குடியை வாங்கியவரும் அப்படித்தான். இருபது வருஷத்துக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். யாரும் அவர்களை அப்படி எழுதச் சொல்லவில்லை. என் நிரலின் ஒரு வரி சொல்லியிருக்கிறது. இடங்களைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது, இதைத் திருப்ப முடியவில்லை. என் கோபத்தில் தீராத பகுதி இதுதான்.

வலையபட்டியிலிருந்து வந்த படிவம் மட்டும் தமிழில் இருந்தது. சென்ற முறை ஒரே வரியில் இருந்த முகவரி இப்போது நான்கு வரி. தெரு, ஊர், தபால், வட்டம் எல்லாம், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அழுத்தமாக ஒரு கமா.