ஆடி முதல் மார்கழி வரை

டிவியில் நாலு பேர் உட்கார்ந்து, எத்தனை வாரம் வரை கருவைக் கலைக்கலாம் என்று வாதாடுகிறார்கள். வெளியே வந்தால் பிழைத்துவிடும் அளவுக்கு வளர்ந்த சிசுவைச் சட்டம் காக்க வேண்டாமா என்று ஒருவர் மேசையைத் தட்டுகிறார். காக்கட்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாரங்களை எண்ணுவது யார் என்று அவர் கேட்கவேயில்லை. எங்கள் வீட்டில் எண்ணியது நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அம்மாவின் தங்கையான சித்தி, முதல் பிரசவத்துக்காகக் கரமனையில் எங்களோடு இருந்தாள். மார்கழி பிறந்த இரண்டாம் நாள் அம்மா அவளை ஸ்கேன் எடுக்க அழைத்துப் போனாள். காய்ச்சலில் கிடந்து எழுந்த என்னைத் தனியாக விட முடியாமல் கூடவே கூட்டிப் போனாள்.

டாக்டரம்மா படத்தை நெடுநேரம் பார்த்தார். குழந்தைக்கு மண்டையோடு உருவாகவில்லை, பிறந்தாலும் தங்காது என்றார்.

"அப்போ இப்பவே எடுத்துடுங்கோ டாக்டர். என்னால சுமக்க முடியாது," என்றாள் சித்தி.

தலையை அளந்துதான் கருவின் வயதைக் கணிப்பார்களாம். இங்கே அளக்கத் தலை இல்லை. "எத்ர மாசமாயி?" என்று மலையாளத்தில் கேட்டார் டாக்டரம்மா.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஆடியிலே குளிச்சா. எண்ணுடி, நீதான் மாசமெல்லாம் கடகடன்னு சொல்லுவியே."

வாய் திறக்காத பெண் என்று பெயர் வாங்கிய நான் சத்தமாக விரல் மடக்கினேன். ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. "ஆறு!"

"மிடுக்கி!" கெட்டிக்காரி என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு டாக்டரம்மா கோப்பை மூடினார். "இருபது ஆழ்ச்ச கழிஞ்ஞு. நியமம் சம்மதிக்கில்லா." இருபது வாரம் தாண்டிவிட்டது, சட்டம் விடாது.

எங்கள் தெருப் பெண்களுக்குக் கடைசியாகத் தீட்டுக் குளித்த மாதமும் ஒன்று, நடக்கிற மாதமும் ஒன்று. ஒரு நாள் தொட்டாலே முழு மாதம். சித்தி குளித்தபோது ஆடி முடிய நாலே நாள் இருந்தது. மார்கழியிலோ இரண்டே நாள். சட்டத்தின் கணக்கில் பத்தொன்பது வாரம்கூட நிறையவில்லை. அவ்வளவு படித்தவர், தேதி என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? சித்தி கெஞ்சியது அவர் காதில் விழவில்லை. ஒன்பது வயதுப் பெண்ணின் விரல் கணக்கு விழுந்தது. இப்போது சட்டத்தைத் திருத்தி, இப்படிப்பட்ட கருவுக்கு மருத்துவர் குழு ஒப்பினால் வார வரம்பே இல்லை என்கிறார்கள். சித்திக்கு என்ன பிரயோஜனம்? வைகாசியில் பிறந்து அன்றே போன குழந்தையை அவள் அதுவரை சுமந்து தீர்த்தாள்.

பங்குனியில் ஒரு நாள் நானும் அவளும் சாலைக் கடைத்தெருவிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். யாரோ ஒரு மாமி எழுந்து சித்திக்கு இடம் கொடுத்தாள். வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். "பிள்ளைதான் பொறக்கும், பாரு! எத்தனாம் மாசம்?"

சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? நான் முந்திக்கொண்டேன். "ஒன்பது, மாமி!"

கரமனைக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது. சித்தி எழுந்து இறங்கி, வெயிலில் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாள். அவ்வளவு கூட்டத்தில் உட்கார இடம் கிடைத்தும் இப்படி இறங்கிவிட்டாளே என்று அவள்மேல் கோபப்பட்டுக்கொண்டே நான் பின்னால் ஓடினேன்.