மஞ்சள் துணி கட்டிய வேப்பங்கன்று

பினாங்கில் மரம் வெட்டுவது அரை நாள் வேலை. வெட்டினதுக்குப் பதில் ஒன்றை வளர்ப்பதுதான் ஆயுள் தண்டனை. கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பொய்யென்றால் என் ரம்பத்தின் சங்கிலி அறுந்து என் மீசையிலேயே விழட்டும்!

மரம் வெட்டும் சக பாவிகளே, சட்டம் உங்களுக்குத் தெரியும். ஒன்றை வெட்டினால் ஒன்றை நட வேண்டும். ஒரு வருடம் கழித்து அதிகாரி வரும்போது அது உயிரோடு நிற்க வேண்டும். இல்லையென்றால் லைசென்ஸ் போச்சு. எழுபத்தொரு வயதில் எனக்கு வேறு வேலை யார் தருவார்?

காருக்கு அடியில்

டத்தோ கிராமாட் பகுதியில் சரசம்மா வீட்டு வாசலில் இருந்த கிழட்டுத் தூங்குமூஞ்சி மரம் சாக்கடையைப் பிளந்துவிட்டது. வெட்டினேன். அடிக்கட்டை கிடந்ததால் நாலடி தள்ளி ஒரு வேப்பங்கன்று நட்டேன். மறுநாள் கன்றைக் காணோம். பக்கத்து வீட்டுக் குமாரின் கார் நிற்கிறது. குனிந்து பார்த்தால், அடியில் தோசை மாதிரி கிடக்கிறது.

"மரத்து மேலயா தம்பி காரை நிறுத்துவே?" என்றேன்.

"பத்து வருஷமா இங்கதான் நிறுத்துறேன் அங்கிள். நீங்கதான் காருக்கு அடியில மரம் நட்டிருக்கீங்க லா!"

ஆடி வெள்ளி

இரண்டாவது கன்றுக்குக் கம்பி வலை போட்டேன். வலை காரைத்தான் தடுக்கும், கையைத் தடுக்குமா? ஆடி வந்தது. கோயிலில் கூழ் ஊற்றினார்கள். தெருவுக்கே வேப்பிலை தேவைப்பட்டது. வெள்ளிக்கிழமை போனால் கன்று உரித்த கோழியாக நிற்கிறது. அப்படியே காய்ந்தும் போனது.

தட்டு நிறைய வேப்பிலையோடு எதிரே வந்தாள் சரசம்மா. "என் லைசென்ஸைக் கிள்ளிட்டியே!" என்று அலறினேன்.

"அம்மனுக்குத்தானே கிள்ளினேன் அண்ணே, கொழம்புக்கா கிள்ளினேன்?"

தானாக வந்தது

அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. தெரு மொத்தமும் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மூன்றாவது கன்றை நட்டேன். மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் வைத்து, நழுவிவிட்டேன்.

சாயங்காலமே விளக்கு எரிந்தது. அடுத்த வாரம் பால் ஊற்றினார்கள். குமார் காரை அடுத்த தெருவுக்குக் கொண்டு போனான். பால் குடித்த மரம், கார்த்திகைக்குள் மாடி ஜன்னலை எட்டிவிட்டது! கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமிலிருந்துகூட வேன் பிடித்து ஜனம் வந்தது. ஒன்றும் தெரியாதவன் போல், "யாரு சரசம்மா துணி கட்டினது?" என்று கேட்டேன்.

"யாரும் கட்டலே அண்ணே. தானா வந்தது. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

முதல் வேலை

வருடம் முடிந்தது. அளவுநாடாவோடு மலாய்க்கார அதிகாரி வந்தார். சரசம்மா அவர் சப்பாத்தைக் கழற்ற வைத்தாள். அடிமரத்தைத் தொட விடவில்லை. பாவம், மனிதர் வெறுங்காலோடு தள்ளி நின்றே பார்த்து, "உயிரோடு உள்ளது" என்று எழுதி, என் லைசென்ஸைப் புதுப்பித்து முத்திரை குத்தினார். எனக்குக் கண்ணில் தண்ணீர். பிறகு அவர் அண்ணாந்து பார்த்தார். உச்சிக்கிளை மின்கம்பியை உரசிக்கொண்டிருந்தது.

என் தோளைத் தட்டி, மாமா முறை வைத்து மலாயில் சொன்னார்: "நல்ல மரம், பாக்சிக். ஆனா கம்பியில படுது. புது லைசென்ஸ்ல முதல் வேலை இதுதான், வெட்டிடுங்க."

துணி கட்டின உண்மையைச் சொன்னால் தெருக்காரர்கள் மரத்தை வெட்ட விடுவார்கள், ஆனால் அதற்கு முன்னால் என்னை வெட்டுவார்கள். ஆகவே சக பாவிகளே, துணி கட்டினது யாரென்று கேட்டால் தானாக வந்தது என்றே சொல்லுங்கள், நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.