எல்லைக் கல் டம்பெல்ஸ்

போலீஸ் வேலைக்குச் சித்தூரில் ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அண்ணனின் மார்பைப் பற்றியே பேச்சு. உயரமும் படிப்பும் போதும். மார்புதான் அளவுக்கு வரவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தாலும் விரியவில்லை.

எங்கள் ஊர் நகரிக்குப் பக்கம். ஆந்திரா தனி ராஜ்யமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்த காலம். சர்வேக்காரர்கள் எல்லைக் கல் நட்டார்கள். உடைந்துபோனவற்றை ஓடையோரம் வீசினார்கள். அண்ணன் அதில் நாலு துண்டுகளைப் பொறுக்கி, கல்தச்சனிடம் துளை போட்டு, இரண்டு இரும்புத் தண்டுகளில் மாட்டிக்கொண்டார். அவைதான் அவருடைய டம்பெல்ஸ். ஒரு துண்டில் சர்க்கார் குறி அப்படியே இருந்தது.

விடிந்ததும் பலகையில் மல்லாந்து, கைகளை இரு பக்கமும் விரித்து இறக்கி, மார்புக்கு நேரே ஏற்றுவார். பிறகு உட்கார்ந்து, தோளிலிருந்து தலைக்கு மேல். மெல்ல மெல்ல மார்பு அகன்றது. அம்மா முட்டையை அவருக்கு மட்டும் அவித்தாள். நான் கேட்டால், “நீ இன்னா போலீசுக்கா போற? கூழைத் துன்னுட்டுப் பள்ளிக்கூடம் போ” என்பாள்.

அந்தச் சமயத்தில் நட்ட கற்களையும் யாரோ பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் போகும் வழியில் சர்வேயர் என்னை நிறுத்தி, கல்லை யார் எடுத்தார்கள் தெரியுமா என்று கேட்டார்.

“எங்கண்ணன் வச்சிருக்குது சார். தெனமும் ஒத்தக் கையால தூக்குது.”

பெருமைக்காகச் சொன்னேன் என்று பல வருடங்கள் என்னை நானே நம்பவைத்தேன். அது பாதிதான். டம்பெல்ஸ் போனால் முட்டை எனக்கு வரும் என்றும் நினைத்தேன்.

மாலையில் போலீஸ்காரர்கள் வந்தார்கள். குறியிருந்த துண்டைப் புரட்டிப் பார்த்த ஒருவர், “ஏமிரா, கல்லைப் பிடுங்கினா ஊரு மெட்ராஸ் பக்கம் போயிடுமா?” என்றார்.

“ஒடஞ்ச கல்லுங்க சார். நானும் உங்க வேலைக்குத்தான் தயாராய்க்கினு இருக்கேன்” என்றார் அண்ணன்.

அவர்கள் சிரித்தார்கள். அழைத்துப் போனார்கள்.

மறுநாள் சர்வேயரே போய், அவை தூக்கிப்போட்ட துண்டுகள்தான் என்று சொன்னதால் விட்டுவிட்டார்கள். வழக்கு இல்லை. வீட்டுக்கு வந்த அண்ணன் வலது தோளை அசைக்காமல் படுத்திருந்தார். நைனா விளக்கெண்ணெய் தடவினார். நல்லவேளை, தேர்வுக்கு இன்னும் நாலைந்து நாள் இருக்கிறது என்றாள் அம்மா.

சித்தூருக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். மைதானத்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். நாடாவைச் சுற்றி அளந்தவர் மூச்சை இழுக்கச் சொன்னார். மார்பு எழும்பி விரிந்தது. அவர் தலையாட்டினார். அடுத்து இரண்டு கைகளையும் மேலே தூக்கச் சொன்னார். இடது கை நேரே போனது. வலது கை தோள்மட்டத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது. இன்னொரு முறை சொன்னார். அப்போதும் அவ்வளவுதான். அடுத்தவனைக் கூப்பிட்டார்கள்.

அண்ணன் சட்டையைத் தோளில் போட்டபடி வெளியே வந்தார். முகம் வியர்த்திருந்தது.

“நீதான் சொன்னேன்னு அந்த சர்வேயர் சொன்னாரு” என்றார்.

நான் வேலியிலிருந்து கையை எடுத்தேன்.

“ஊட்ல சொல்லிக்கினு இருக்காத. நைனா உன் தோலை உரிச்சிடுவாரு.” பிறகு சட்டையை நீட்டினார். “இந்தக் கைய மாட்டி உடுறா. மெல்ல.”

மாட்டிவிட்டேன். பித்தானையும் போடச் சொன்னார், போட்டேன். அண்ணன் என்னிடம் ஓர் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்குக் கோபமில்லை, இனிமேல் எனக்குப் பெரியவன் மரியாதை தருவார் என்று எண்ணி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவருக்கு முன்னால் கைவீசி நடந்துபோனேன்.